மாமா பையனும் மரபணுவும்: கேட்கத் தயங்கும் ஒரு பாடம்

செமஸ்டர் லீவு முடிஞ்சு வந்த தோழி ஒருத்தி மெஸ்ல சாப்பிடாம உட்கார்ந்திருந்தா. "வீட்ல மாமா பையனுக்கே பேசி முடிச்சிட்டாங்கடி" என்றாள். அவளுக்கு ரெண்டு கேள்வி. பிறக்கிற குழந்தைக்குப் பிரச்சனை வருமா? எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லலாமா? நம்ம சிலபஸ்ல எந்த யூனிட்லயும் இதுக்குப் பதில் இல்லை. அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

பழக்கம் எவ்வளவு பழசு?

ஆரணிக்குப் பக்கத்தில் திருமலைக்குப் போயிருக்கீங்களா? அங்குள்ள சமணக் கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். குந்தவை, ராஜராஜ சோழனின் அக்கா. தன் மகளுக்கும் அதே பெயரை வைத்தான் ராஜராஜன். அந்த மகள் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தாள். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் கட்டியது யாரை? தாய்மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை! அவர்களுடைய மகன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அன்று அரசுகளை இணைக்கச் செய்தார்கள். இன்று "சொத்து வெளிய போகாது, தெரிஞ்ச இடம்" என்கிறோம்.

முதல் கேள்வி: குழந்தைக்கு என்ன ஆகும்?

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் பழுதானால்தான் தலசீமியா போன்ற நோய் வரும். ஆரணித் தறியில் ஒரே பாவில் நெய்த ரெண்டு சேலையில் ஒரே இடத்தில் குறை இருக்கலாம் இல்லையா? அதுமாதிரி, ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளிடம் ஒரே பழுது மறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கணக்கு இதுதான். மாமா பையனும் அத்தை பொண்ணும் சராசரியாக 12.5% மரபணுக்களைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் 25%. பொதுவாகக் குழந்தைகளில் 2 முதல் 3% பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமா, அத்தை பிள்ளைகள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதாவது பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டினால் ஆபத்து கூடும்.

இன்னொரு விஷயம். சித்தி பொண்ணை நாம் தங்கச்சி என்கிறோம், மாமா பொண்ணை முறைப்பொண்ணு என்கிறோம். மரபணுவுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. ரெண்டு பேரிடமும் அதே 12.5%தான்.

வீட்டில் பேச்சு நடந்தால் மூணு தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைங்க. சின்ன வயதில் இறந்தவர்கள், காது கேளாதவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் யார் என்று பாட்டியிடம் கேட்டுக் குறிங்க. அதோடு மரபணு ஆலோசகரைப் பாருங்க. தலசீமியாவுக்கு எச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை இருக்கு. ஆனால் ஒரே சோதனை எல்லா நோயையும் காட்டாது.

இரண்டாம் கேள்வி: வேணாம்னு சொல்லலாமா?

தாராளமா. 1955 இந்துத் திருமணச் சட்டம் இந்த உறவுகளைத் தடை செய்யப்பட்ட பட்டியலில்தான் வைத்திருக்கிறது. வழக்கம் இருந்தால் மட்டும் விலக்கு. வழக்கம் அனுமதிதான், கட்டாயம் அல்ல. வற்புறுத்தி நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போகலாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையாமல் கல்யாணம் கூடாது. 18க்குக் கீழே என்றால் 1098, பெண்களுக்கு 181.

ஒண்ணு மட்டும் கவனிங்க. "மரபணு சரியில்லை" என்பதை மட்டுமே காரணமாகச் சொன்னால், டெஸ்ட் ரிப்போர்ட் நல்லா வந்ததும் வாதம் முடிஞ்சிடும். "எனக்கு விருப்பமில்லை" என்பதே போதுமான காரணம். தோழி அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு முதலில் சொன்னதும் அதைத்தான். பேச்சு இன்னும் முடியவில்லை; ஆனால் மறுநாள் மெஸ்ல சாப்பிட்டா.