சிறகு விரியும் நொடி

நுழையும்முன்

தோட்டத்துப் பூக்களையும் பட்டாம்பூச்சிகளையும் ஒளிப்படம் எடுப்பது எளிய பொழுதுபோக்காகத் தோன்றும். அப்பொழுதுபோக்கு ஒருவரைச் செடியையும் புழுவையும் வெயிலையும் நிழலையும் கூர்ந்து நோக்கச் செய்த கதை இது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி ஒன்று உண்டு. பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழுக்கள் ஒருமுறை அதன் கொழுந்துகளைத் தின்றுகொண்டிருந்தன. தாளிக்க இலை இல்லை என்று அம்மா குறைபட்டுக்கொண்டார். நான் புழுக்களைக் குச்சியால் தள்ளிக் காலால் மிதித்தேன். அதே மாதத்தில் உறவினர் ஒருவர் தம் பழைய ஒளிப்படக் கருவியை எனக்குத் தந்தார். பட்டாம்பூச்சியைப் படம் பிடிக்கும் ஆசையுடன் நாள்தோறும் கொல்லையில் காத்திருந்தேன். நான் மிதித்தது எதனை என்பதைப் பின்னர் ஒரு படம்தான் எனக்கு உணர்த்தியது.

செடி காட்டும் வழி

பட்டாம்பூச்சியைத் துரத்துபவருக்குப் படம் கிடைப்பதில்லை. அது நாடும் செடியை அறிந்து அதனருகே அமர்பவருக்கே கிடைக்கிறது. தேன் அருந்த அது இட்லிப்பூவையும் தும்பையையும் உண்ணிச்செடியையும் தேடி வரும். முட்டையிடுவதற்கோ ஒவ்வோர் இனமும் தனக்குரிய செடிகளையே நாடும். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் முட்டையிடும். எலுமிச்சை அழகிக்கு அதன் பெயரிலேயே செடி இருக்கிறது. அரளியில் வளரும் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழுவோ உலோகத்தை மெருகேற்றியது போல மின்னும். அதனை முதன்முதலில் கண்டபோது, யாரோ தொலைத்த அணிகலன் என்றே நினைத்தேன். தாய்ப்பூச்சி இலைமீது அமர்ந்து கால்களால் சுவையறிந்து, உரிய செடிதான் என உறுதிசெய்த பின்னரே முட்டையிடும். அவ்வேளையில் அது அடிக்கடி அமர்வதும் எழுவதுமாக இருப்பதால், படமெடுப்பவர் பொறுமையை இழப்பது உறுதி.

ஒளியும் நிழலும்

காலை வெயிலே இதற்கு ஏற்றது. பட்டாம்பூச்சியின் உடல் பறப்பதற்குரிய வெப்பத்தைப் பெரும்பாலும் கதிரவனிடமிருந்தே பெறுகிறது. எனவே, விடிந்து சிறிது நேரத்தில் அது சிறகுகளை விரித்து இலைமேல் குளிர்காயும். அருகில் செல்லும்போது நம் நிழல் அதன்மீது விழக்கூடாது. விழுந்தால் அக்கணமே பறந்துவிடும். வெயில் ஏறிய பின் அதன் வேகமும் மிகும். ஒளியும் கடுமையாகிப் பூவிதழின் மென்னிறத்தை வெளிறச் செய்யும். பூக்களை மட்டும் எடுப்பதாயின், மேகம் மூடிய வானமே நன்று.

மிக அருகிலிருந்து எடுக்கும்போது படத்தில் தெளிவாக விழும் பகுதி சில மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். சிறகின் நுனி தெளிந்தால் கண் மங்கும். அதனால், மூடிய சிறகின் பரப்புக்கு இணையாகக் கருவியைப் பிடித்தல் வேண்டும். காற்றில் ஆடும் பூவில் அமர்ந்த பூச்சியை எடுக்க, ஷட்டரின் வேகம் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்காவது இருப்பது நல்லது. திறன்பேசியிலும் நல்ல படம் எடுக்கலாம். நாம் இன்னும் நெருங்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

பூச்சி அசையாதிருக்க அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்போரும் உளர். பிடித்தாலே சிறகின் நுண்செதில்கள் விரலில் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு எடுத்த படங்களை என்னால் இரசிக்க இயலவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளை அவற்றின் இயல்பான வாழ்விடத்திலேயே கருப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தவர். யானைக்குக் காட்டிய அந்த மதிப்பைப் பூச்சிக்கும் காட்டலாம்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் 'தமிழ் மறவன்' 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆரஞ்சு நிறமுடைய இது மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழ்கிறது.

படம் சொன்ன உண்மை

கரிய சிறகில் வெண்திட்டும் செம்புள்ளிகளும் கொண்ட பூச்சியொன்றை ஒருநாள் படம்பிடித்து, 'ரோஜா அழகி' என்று குறித்துவைத்தேன். ரோஜா அழகி ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வதால் நச்சுத்தன்மை உடையது. பறவைகள் அதனைத் தவிர்க்கும். படத்தைப் பெரிதாக்கியபோது ஐயம் எழுந்தது. ரோஜா அழகியின் உடல் சிவப்பு. என் படத்திலிருந்த பூச்சியின் உடலோ கருப்பு. அது வேறோர் இனம். நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளுள் ஒருவகை, ரோஜா அழகியின் தோற்றத்தைப் பெற்று உயிர் பிழைக்கிறது. பறவையை ஏமாற்றும் அவ்வேடம் என்னையும் ஏமாற்றியிருந்தது. அதன் புழுப்பருவத்தைப் படித்துப் பார்த்தேன். இளம்புழு பறவை எச்சம் போலத் தோன்றும். கறிவேப்பிலைக் கொழுந்தைத் தின்னும்.

அதன்பின் செடியின் கிழக்குக் கிளையைப் புழுக்களுக்கென விட்டுவிட்டோம். சென்ற ஆவணியில் அக்கிளையிலிருந்த கூடு கருத்தது. உள்ளிருந்த சிறகின் வண்ணம் மேலே தெரிந்தது. விடியற்காலையில் கூடு பிளந்து, கசங்கிய துணி போன்ற சிறகுகளுடன் பூச்சி வெளிவந்து தலைகீழாகத் தொங்கியது. உடலின் நீர்மம் நரம்புகளில் பாய, சிறகுகள் மெல்ல விரிந்தன. நாற்பது படங்கள் எடுத்தேன். தெளிவாக விழுந்தவை இரண்டே. இலை பறிக்க வந்த அம்மா சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு அடுத்த கிளைக்குக் கை நீட்டினார்.