மாட்டின் உடம்பில் ஒரு காவல் படை

மாட்டின் இரத்தம் சிவப்பு. இது எல்லோருக்கும் தெரியும். அந்த இரத்தத்தில் நிறமில்லாத அணுக்களும் உண்டு. அவற்றை வெள்ளை அணுக்கள் என்கிறோம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

சிறிய ராகி மணி அளவு இரத்தத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் சிவப்பு அணுக்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருக்கும். வெள்ளை அணுக்கள் சுமார் 4,000 முதல் 12,000 வரைதான். உடம்புக்குள் நுழையும் கிருமிகளோடு சண்டை போடுவது இந்தச் சிறு கூட்டம்தான்.

இவை எங்கே பிறக்கின்றன? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அங்கே தாய் அணுக்கள் உள்ளன. அவற்றிலிருந்துதான் சிவப்பணுவும் வருகிறது, வெள்ளை அணுவும் வருகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொழிலுக்குப் போவதில்லையா? அப்படித்தான்.

வெள்ளை அணுவில் ஐந்து வகை உண்டு. கிருமி நுழைந்ததும் முதலில் ஓடுவது நியூட்ரோபில். கிருமியை அப்படியே விழுங்கிவிடும். பிறகு தானும் சாகும். புண்ணில் வரும் சீழில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோபில்கள்தான். மடிநோய் வந்த மாட்டின் பால் திரிதிரியாக வருகிறதே, அதிலும் இவை ஏராளம். மோனோசைட் உருவத்தில் பெரியது. சதைக்குள் போய்க் கிருமியையும் கழிவையும் தின்னும். குடற்புழு உள்ள மாட்டுக்கு ஈசினோபில் கூடும். பேசோபில் மிகமிகக் குறைவு.

ஐந்தாவது லிம்போசைட். நமக்கும் நாய்க்கும் நியூட்ரோபில் அதிகம். மாட்டுக்கு லிம்போசைட்தான் அதிகம். இதில் ஒரு பிரிவு தைமஸ் என்ற சுரப்பிக்குப் போய் வளர்கிறது. இளங்கன்றின் கழுத்திலும் நெஞ்சிலும் தைமஸ் பெரிதாக இருக்கும். வயது ஏறினால் சுருங்கிவிடும். இன்னொரு பிரிவு, கிருமியை முறிக்கும் எதிர்ப்புப் பொருளைச் செய்கிறது. ஒருமுறை கண்ட கிருமியை லிம்போசைட்டுகள் மறப்பதில்லை. கோமாரிக்குத் தடுப்பூசி போடுவது இந்த ஞாபகத்தை நம்பித்தான். ஞாபகம் மங்கும், அதனால் திரும்பவும் ஊசி போடுகிறோம்.

காவல்காரனையே கொன்றுவிட்டால் வீடு என்ன ஆகும்? வெக்கை நோய் அதைத்தான் செய்தது. அதன் கிருமி லிம்போசைட்டுகளை அழித்தது. மாடு கழிந்து கழிந்து சில நாளில் செத்தது. தொழுவம் தொழுவமாகக் காலியானது. மைசூர் சமஸ்தானம் 1925இல் பெங்களூரில் மைசூர் சீரம் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியது இந்த நோய்க்காகத்தான். சீரம் என்பது எதிர்ப்புப் பொருள் நிறைந்த இரத்த நீர். பின்னால் நல்ல தடுப்பூசி வந்தது. ஊர் ஊராகப் போட்டார்கள். இந்தியாவில் 1995க்குப் பிறகு வெக்கை வரவில்லை. 2011இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அந்த நோயின் கதையைச் சொல்லக்கூடும்.

இனி கன்றுக்கு வருவோம். மனிதக் குழந்தைக்குக் கருப்பையிலேயே தாயின் எதிர்ப்புப் பொருள் கிடைக்கிறது. கன்றுக்குக் கிடைப்பதில்லை. அதன் வெள்ளை அணுக்களுக்கும் இன்னும் பழக்கம் போதாது. அது வெறுங்கையோடு பிறக்கிறது. தாயின் எதிர்ப்புப் பொருள் சீம்பாலில்தான் வருகிறது. பிறந்த கன்றின் குடல் அதை அப்படியே இரத்தத்துக்குள் விடும். ஆனால் நேரம் போகப் போக அந்த வழி அடைபடும். சுமார் ஒரு நாளில் மூடிவிடும்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விட வேண்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அது தவறு. கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் நல்ல நேரம் போய்விடும். கன்று பிறந்து ஒன்றிரண்டு மணிக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு கொடுங்கள். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். ஒரே மூச்சில் வேண்டாம், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள்.

மைசூரில் சீம்பாலை வெல்லம் போட்டு அவித்துக் கிண்ணு செய்வோம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்போம். ருசியான பண்டம்தான், எனக்கும் பிடிக்கும். கன்று வயிறு நிறையக் குடித்து, மிஞ்சினால் செய்யுங்கள்.