பிளாஸ்டிக் தொட்டி முன்கூட்டிச் சொல்லாது: அரிக்கும் ரசாயனங்களைச் சேமிக்கும் முறை

அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையமானாலும், நகராட்சியின் நீரேற்று நிலையமானாலும், திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையமானாலும், ஒரு மூலையில் சில பிளாஸ்டிக் தொட்டிகள் நின்றுகொண்டிருக்கும். ஒன்றில் ஹைப்போ என்று எல்லோரும் சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட், அடுத்ததில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், மற்றவற்றில் காஸ்டிக் சோடாவோ பெரிக் குளோரைடோ இருக்கும். சாதாரண இரும்பை இவற்றில் பலவும் அரித்துவிடும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு முன் துருப்பிடிக்காத எஃகும் நிற்பதில்லை. அதனால் பாலிஎத்திலீன் தொட்டியைத் தேர்ந்தெடுப்பது சரிதான். அந்தத் தேர்வோடு பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. இரும்பு கெடும்போது துரு தெரியும், கசிவு தெரியும். பிளாஸ்டிக் அப்படியில்லை. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உட்சுவர் விறைத்து, மயிரிழை வெடிப்புகள் விட்டு, ஒருநாள் சட்டென்று பிளந்துவிடும். எனவே தொட்டி என்றாவது உடையும் என்று வைத்துக்கொண்டே வாங்குவது முதல் அகற்றுவது வரை திட்டமிட வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த அடிப்படையில் அமைந்ததே.

முதல் படி, எவ்வளவு வாங்குவது என்று முடிவுசெய்வது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உண்மை. ஆனால் ஹைப்போ வைத்திருக்க வைத்திருக்க வீரியம் இழக்கும் பொருள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அது சிதையும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் போகும். வெளிச்சமும், செம்பு, நிக்கல் போன்ற உலோகத் துகள்களும் அதை இன்னும் விரைவாக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் வைத்திருந்தால், காசு கொடுத்து வாங்கிய குளோரினில் ஒரு பகுதி குளோரேட்டாகவும் ஆக்சிஜனாகவும் மாறிவிடும். பிறகு தண்ணீரில் தேவையான எஞ்சிய குளோரினைக் கொண்டுவர அதிக ஹைப்போ ஊற்ற வேண்டிவரும். மொத்தக் கொள்முதலில் மிச்சமானது அங்கே கரைந்துபோகும். சில வாரத் தேவைக்கு மட்டும் வாங்கி, பழையதைத் தீர்த்த பின் புதியதை நிரப்புங்கள். பழையதன் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். கையிருப்பு குறைந்தால் உடைப்பின் சேதமும் குறையும்.

இரண்டாம் படி, தொட்டியைத் தேர்ந்தெடுப்பது. இங்கே பெரும்பாலும் நடக்கும் பிழை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையே ரசாயனத்துக்கும் வைப்பது. இந்தியத் தரம் ஐ.எஸ். 12701 தண்ணீர்த் தொட்டிகளுக்கு உரியது. தண்ணீரின் எடையைத் தாங்கவே அவை செய்யப்படுகின்றன. 1,000 லிட்டர் தண்ணீர் 1,000 கிலோ. அதே அளவு 50 சதவீதக் காஸ்டிக் கரைசல் சுமார் 1,520 கிலோ. 98 சதவீதக் கந்தக ஆசிட் சுமார் 1,840 கிலோ. சுவரின் அடிப்பகுதி தாங்க வேண்டிய அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும். ரசாயனத் தொட்டிகளுக்கான அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். டி1998, திரவத்தின் அடர்த்தி எண்ணை வைத்துச் சுவரின் தடிமனைக் கணக்கிடுகிறது. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: எந்த அடர்த்திக்கு, எந்த ரசாயனத்துக்கு, எந்த வெப்பநிலைக்குச் செய்தது? 1.5 அடர்த்திக்குச் செய்த தொட்டிக்கு 50 சதவீதக் காஸ்டிக்கே மிகுதி. பதிலை எழுத்தில் வாங்குங்கள். "எங்கள் இடத்தில் தண்ணீர்த் தொட்டியே பல வருடமாக நிற்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். நிற்பது தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. பிளாஸ்டிக்கின் வலு, தொடர்ந்த பாரத்திலும் சூட்டிலும் மெல்ல மெல்லக் குறைவது. ஹைப்போ போன்ற ஆக்சிஜனேற்றிகள் அதை இன்னும் விரைவாக வயதாக்கும். போன வருடம் தாங்கிய சுவர் இந்த வருடம் சற்று வலுவிழந்தே நிற்கிறது.

மூன்றாம் படி, இடமும் அடித்தளமும். தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் சமதளக் கான்கிரீட்டில் படிந்திருக்க வேண்டும். கோண இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றினால் இடைவெளிகளில் அடிப்பாகம் தொய்ந்து வெடிக்கும். மேலே கூரை கட்டாயம். கறுப்புத் தொட்டி புற ஊதாக் கதிரைத் தாங்கும், ஆனால் வெப்பத்தை உறிஞ்சும். நிழல் இருந்தால் இரண்டு கவலையும் தீரும். அடுத்தது தடுப்புச் சுவர். மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும்படி அது இருப்பது பரவலான நடைமுறை. ஆசிட் கான்கிரீட்டையும் தின்னும் என்பதால் உட்புறத்தில் ஆசிட் தாங்கும் ஓடோ பூச்சோ வேண்டும். இடமில்லை என்பவர்கள் இரட்டைச் சுவர்த் தொட்டி வாங்கலாம். ஆனால் குழாய் இணைப்பில் ஏற்படும் கசிவை அது பிடிக்காது. தடுப்புக்குள் மழைநீர் வெளியேறத் திறந்த துளை வைத்துவிட்டால் அது தடுப்பே ஆகாது.

நான்காம் படி, பொருந்தாதவற்றைப் பிரிப்பது. ஒரு தொட்டி உடைந்தால் தரை நனையும்; பொருந்தாத இரண்டு கலந்தால் ஊரே மூச்சுத் திணறும். ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். படிகாரக் கரைசல், பி.ஏ.சி. (பாலி அலுமினியம் குளோரைடு), பெரிக் குளோரைடு ஆகியவையும் அமிலத்தன்மை கொண்டவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் நகரில், லாரியிலிருந்து இறக்கிய கந்தக ஆசிட் தவறுதலாக ஹைப்போ தொட்டிக்குள் போனது. எழுந்த வாயுவால் 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி தேடினார்கள். இரண்டு நிரப்புக் குழாய்களும் பார்க்க ஒரே மாதிரி, அருகருகே இருந்தன என்று விசாரணை சொன்னது. தொட்டி அங்கே நன்றாகவே இருந்தது. குழாயின் வாய்தான் காட்டிக்கொடுத்தது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பு, வேறுவேறு அளவில் நிரப்பு வாய், பூட்டு, வாயருகிலேயே தமிழில் பெரிய எழுத்தில் பெயர் ஆகியவை வேண்டும். சாவி பொறுப்பாளரிடம் இருக்கட்டும். சரக்குச் சீட்டையும் குழாயின் பெயரையும் ஒப்பிட்ட பிறகே பூட்டைத் திறக்கட்டும். அனுபவமுள்ள ஆட்களுக்கு இது தேவையா என்றால், ஒரே மாதிரிக் குழாய்களுக்கு நடுவே அனுபவமும் தடுமாறும் என்பதே பதில்.

ஐந்தாம் படி, இணைப்புகள். தொட்டி நிறையும்போது சுவர் உப்பும், காலியாகும்போது சுருங்கும். விறைப்பான பி.வி.சி. குழாயை நேரே பொருத்தினால் அந்த அசைவு முழுவதும் இணைப்பில் விழுந்து அங்கேயே வெடிப்பு தொடங்கும். இடையில் வளையும் இணைப்பு ஒன்று வேண்டும். கேஸ்கெட்டை ரசாயனத்துக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். ஹைப்போ தொடும் இடத்தில் செம்பு, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு எதுவும் வேண்டாம். ஹைப்போ குழாயில் சாதாரண பால் வால்வை மூடினால் உருண்டைக்குள் சிக்கிய திரவம் ஆக்சிஜனை வெளியிட்டு வால்வையே உடைக்கக்கூடும். அழுத்தம் தொட்டிப் பக்கம் வெளியேறும்படி உருண்டையில் துளையிட்ட வால்வைக் கேட்டு வாங்குங்கள். தொட்டியின் மேல் காற்றுப்போக்கி, நிரப்புக் குழாயைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. அதை ஒருபோதும் அடைக்கக்கூடாது. அடைபட்டால் நிரப்பும்போது தொட்டி வீங்கும், பம்ப் இழுக்கும்போது உள்வாங்கும்.

ஆறாம் படி, சோதனையும் ஓய்வும். மாதம் ஒருமுறை இணைப்புகளைச் சுற்றியும், அடியோரத்திலும், மேல்மூடியின் வளைவிலும் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை காலிசெய்து கழுவிய பின், சந்தேகமான இடத்தில் நீரில் கரையும் மார்க்கர் மையைப் பூசித் துடையுங்கள். வெடிப்பு இருந்தால் மை அதில் தங்கிக் கோடாகத் தெரியும். தலையை உள்ளே நுழைக்காமல் திறப்பு வழியாக விளக்கும் கேமராவும் கொண்டே உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெடிப்பு தெரிந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். பாலிஎத்திலீனில் பசை நிலைத்து ஒட்டாது. நிறுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி, தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் முடிந்ததும் தோற்றம் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். நன்றாக இருப்பதை ஏன் தூக்கிப் போட வேண்டும் என்ற கேள்வி வரும். வெளித்தோற்றம் உள்நிலையைச் சொல்லாத பொருளுக்குத் தேதிதான் நம்பகமான அளவுகோல்.

கடைசிப் படி, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியது. பத்து வினாடியில் எட்டக்கூடிய தூரத்துக்குள் அவசரக் குளியலும் கண் கழுவும் குழாயும் இருக்கட்டும். உடலில் பட்டால் நனைந்த ஆடையைக் களைந்து குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆசிட் பட்ட தோலில் காஸ்டிக்கை ஊற்றிச் சமன்செய்யப் பார்க்கக்கூடாது. சிந்திய ஹைப்போவின் மேல் மரத்தூளோ ஆசிட்டோ போடக்கூடாது. மஞ்சள் கலந்த பச்சை வாயு தெரிந்தால் காற்று வரும் திசை நோக்கி, உயரமான இடத்துக்கு விலகுங்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, பள்ளத்தில் தேங்கும்.

இவை அனைத்துக்கும் செலவு உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்றே உங்கள் நிலையத்துக்குப் போய், நிரப்பு வாய்களுக்குப் பெயர் எழுதிப் பூட்டுப் போடுங்கள். தொட்டிகளின் வாங்கிய தேதியைக் கண்டுபிடியுங்கள். தேதி கிடைக்காத தொட்டியைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.