அந்தமான் பயணம்: பெட்டி கட்டும் முன்

திருவக்கரை, திண்டிவனம் பக்கத்திலிருந்து அந்தமான் போவோருக்குச் சென்னைதான் வாசல். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் மூன்று நாள் வரை. மே முதல் நவம்பர் வரை மழை அதிகம். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் ரத்தாகும் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீ விஜயபுரத்திலேயே (பழைய போர்ட் பிளேர்) கழிப்பது நல்லது.

அன்றாட மாத்திரைகளை நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டுடன் கைப்பையில் வைக்க வேண்டும். பெரிய மருத்துவமனை தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில்தான். பவர் பேங்க்கும் கைப்பையில்தான் போக வேண்டும். சிறு தீவுகளில் சிக்னல் நம்பத்தக்கதல்ல, ரொக்கம் கைகொடுக்கும். மணல் ஈ கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகும். மாலையில் முழுக்கால் சட்டை, பூச்சிவிரட்டிக் களிம்பு உதவும்.

கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை அலங்காரமாக நினைக்கக் கூடாது. 2010இல் ஹேவ்லாக் தீவில் (இன்றைய சுவராஜ் தீவு) கடலில் இருந்த சுற்றுலாப் பயணி ஒருவரை உப்புநீர் முதலை கொன்றது. கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டோரத்திலும் இறங்கவே கூடாது. குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அதற்குள் கரையேற வேண்டும்.

ஜாரவா பழங்குடி மக்களைப் படமெடுப்பது குற்றம். திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாதென்பது போலவே இங்கே பவளத்துக்கும் தடை. விமான நிலையச் சோதனையில் சிக்கும். கடையில் வாங்கிய சிப்பிப் பொருளென்றால் ரசீது கையில் இருக்கட்டும்.