கோயிற் சிங்கமும் அதன் பொருளும்

நம்முடைய ஆலயங்களிலே சிங்கத்தின் வடிவம் காணப்படாத ஆலயம் அரிது. அம்பிகையின் திருவடிக்கீழும், தூணின் அடியிலும், கோபுரத்துச் சுதைகளிடையேயும், வாகனசாலையிலும் அது காட்சி தருகின்றது. ஆயினும், "இச்சிங்கம் இங்கே ஏன் வந்தது?" என்று ஒரு மாணாக்கன் வினாவினால், "அது அம்மனுடைய வாகனம்" என்னும் அளவிலே விடை முடிந்துவிடுகின்றது. இவ்விடை பிழையன்று, நிறைவுடையதும் அன்று. விடை நிறையாதவிடத்து மாணாக்கன் தானே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்வான். சிங்கம் பிற இனத்தார்க்கே உரியது, நமக்கு அயலானது என்று எண்ணும் பிள்ளைகளும் நம்மிடையே உளர். ஆதலின், சிங்கத்தைப் பற்றிய பாடத்தை எம்முறையாற் கற்பித்தல் தகும் என்பதை ஈண்டுச் சுருக்கி ஆராய்வாம்.

1. பெயரும் விலங்கும்

அரி, அரிமா, சீயம், மடங்கல், கோளரி என்னும் பல பெயர்கள் சிங்கத்துக்குத் தமிழிலே வழங்குகின்றன. அரசனிருக்கை அரியணை எனவும் சிங்காசனம் எனவும் பெயர் பெறும். பெயர்கள் இத்துணை மலிந்திருப்பினும், விலங்கு தமிழர் வாழும் நிலத்தில் இல்லை. பாரததேசத்திலே அது காட்டுவாழ்வு நடத்துவது கூர்ச்சரநாட்டுக் கிர் வனத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலுமே. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள் எண்ணப்பட்டன. இலங்கைக் காட்டில் உள்ளது சிறுத்தை. பண்டைக்காலத்துச் சிங்கம் ஒன்றன் பற்கள் குருவிற்றைப் பகுதியிலே கிடைத்தமையை 1939இல் தெரணியகல என்பார் வெளியிட்டார். அது வரலாற்றுக் காலத்துக்கு மிக முந்தியது.

ஆகவே, நம் கோயிற் சிற்பிகளுட் பெரும்பாலார் உயிருள்ள சிங்கத்தைக் கண்ணாற் கண்டிருத்தல் அரிது. அவர் செதுக்கியது காட்டு விலங்கின் படமன்று; ஒரு கருத்தின் வடிவம். அக்கருத்து யாதென அறிதலே நம் பாடமாம்.

2. தாங்கும் சிங்கம்

கோயிலிலே சிங்கம் எவ்விடத்து அமைந்திருக்கின்றது என்று நோக்குக. பெரும்பாலும் அது ஒன்றன் கீழே இருக்கின்றது. துர்க்கையம்மை அதன்மேல் எழுந்தருளுகின்றாள். ஐந்து திருமுகமுடைய ஏரம்ப கணபதிக்கும் அதுவே வாகனம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலே, தூண்களின் அடியில் நின்று கற்பாரத்தைச் சுமப்பனவும் சிங்கங்களே. அக்கோயிலை எடுப்பித்த பல்லவ வேந்தன் இராசசிம்மன் எனப் பெயர் பூண்டவன். ஆயின் அவன் குலத்து இலச்சினை இடபம். இடபத்தை இலச்சினையாகக் கொண்ட குலத்தார் சிங்கத்தையும் விலக்கவில்லை. அதனைத் தூணின் கீழ் நிறுத்தினர். தும்பிக்கையும் கோரப்பல்லும் கூடிய யாளி என்பது சிங்கத்தோடு பிற விலங்கின் உறுப்புக்கள் சேர்ந்த கற்பனை வடிவம். மாணாக்கர் இவ்விரண்டையும் மயங்குவர். வேறுபாட்டைத் தூணருகே நிறுத்திக் காட்டுக.

தேவி மாகாத்மியத்திலே, அம்பிகைக்குச் சிங்கத்தை வாகனமாக ஈந்தவன் இமவான் என்று சொல்லப்படுகின்றது. அந்நூலிலேயே மற்றொரு சிங்கமும் உண்டு. மகிடாசுரன் போரிலே எருமை வடிவை விட்டுச் சிங்க வடிவு கொண்டான்; தேவி அதன் தலையை அறுத்தாள். பின்பு அவன் வேறு வடிவங்கள் எடுத்து, ஈற்றிலே எருமையாகி மாண்டான். வடிவு ஒன்றே, நிலை இரண்டு. எதிர்த்த சிங்கம் அறுபட்டது. தாங்கிய சிங்கம் அம்பிகையோடு வைத்து வணங்கப்படுகின்றது. மாமல்லபுரத்து மகிடமர்த்தினி குகையிலே அம்பிகை சிங்கத்தின்மேல் இவர்ந்து போர் செய்யும் காட்சியை மாணாக்கருக்குப் படத்திலே காட்டி, இவ்வேறுபாட்டை விளக்குதல் நன்று.

சரபமூர்த்தியின் வரலாறும் இக்கருத்தையே தழுவியது. உக்கிரம் தணியாத நரசிங்கத்தைச் சிவபெருமான் சரபவடிவு கொண்டு தணித்தார் என்பது சைவபுராண வழக்கு. மூன்றாங் குலோத்துங்கன் எடுப்பித்த திருபுவனம் கோயிலிலே சரபருக்குத் தனிச் சந்நிதி உண்டு. இதனைக் கற்பிக்குங்கால், வைணவர் மனம் நோவச் சொல்லாது, கோபம் அடங்குதலே இதன் பயன் என்று சொல்லுக.

3. சிங்கமுகன்

யாழ்ப்பாணத்துச் சைவர்க்குக் கந்தபுராணத்தினும் அணிய நூல் யாது? சூரன்போரிலே சிங்கமுகம் பொருத்திய சூரனைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவன் தன்மையை அறிந்தவர் சிலரே.

காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த மைந்தருள் சிங்கமுகன் இரண்டாமவன். ஆயிரந் தலையும் இரண்டாயிரங் கையும் உடையவன். வலிமையிற் குறைந்தவனல்லன், அறிவிலும் குறைந்தவனல்லன். சூரபன்மன் கூட்டிய மந்திராலோசனையிலே, தேவரைச் சிறைவிடுக என்றும், வந்திருப்பவர் பாலரல்லர், பரம்பொருளே என்றும் எடுத்துரைத்தவன் அவனே. தமையன் சினந்தபோது, தன் சொல்லைக் கைவிட்டு, அவன் பொருட்டுப் போர் செய்து மாண்டான். பின்பு அவன் துர்க்கைக்குச் சிங்க வாகனமாயினான் என்பது வழங்கிவரும் மரபு.

உண்மையை அறிந்தும் அதன் வழி நில்லாமை எத்துணைக் கேடு என்பதற்கு இவனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அறியாமற் செய்தவனுக்கு இரங்குவோம். அறிந்து செய்தவனைக் கண்டு அஞ்சுவோம். மேல் வகுப்பு மாணாக்கர் இதனை எளிதில் உணர்வர். நட்பின் பொருட்டும் உறவின் பொருட்டும் நன்றென்று அறிந்ததைக் கைவிடும் சோதனை அவர்க்கும் நாடோறும் வருதலின்.

சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை எனப் பெரியோர் தத்துவப்பொருள் உரைப்பர். முத்தியிலே ஆணவமலம் இல்பொருளாய் ஒழிவதில்லை; அதன் சத்தி மடங்கி நிற்கும் என்பது சித்தாந்தம். பகைத்த சூரன் மயிலும் சேவலுமாய் ஏற்றுக்கொள்ளப்பட்டதும், சிங்கமுகன் வாகனமானதும் இக்கொள்கையோடு இயைகின்றன. சிங்கத்துக்கு மடங்கல் என்னும் பெயர் இருத்தலும், மடங்குதல் என்னுஞ் சொல் அடங்குதலை உணர்த்துதலும் மாணாக்கர் நினைவிற் பதித்தற்கு உதவுவன.

4. நாட்டின் சிங்கம்

விசயனின் பாட்டன் ஒரு சிங்கம் என்பது மகாவமிசக் கதை. சிகிரியாவிலே காசியப்பன் (477 - 495) காலத்துச் சிங்கத்தின் பாதங்கள் இன்றும் நிற்கின்றன. 1948இல் ஏற்றப்பட்ட கொடியிலே உள்ள சிங்கம், 1815இல் அரசிழந்த கண்டி மன்னன் சிறீவிக்கிரம இராசசிங்கனுடைய கொடியினின்றும் எடுக்கப்பட்டது. அம்மன்னனோ தென்னிந்திய நாயக்கர் வழியினன். தமிழர்க்கும் முசுலிம்களுக்கும் உரியனவாக இரு நிறப்பட்டைகள் 1951இல் அக்கொடியிற் சேர்க்கப்பட்டன. யாழ்ப்பாண அரசர் தம் நாணயங்களிலே இடபத்தையும் சேது என்னும் மொழியையும் பொறித்தனர்.

இவற்றை வரலாறாகவே கற்பிக்க. இலச்சினை ஓர் அரசினதாகலாம். சிங்கம் என்னும் குறியீடு ஓரினத்தின் உடைமை ஆகாது. கொடியின் பொருட்டுக் கோயிற் சிங்கத்தை வெறுக்கும் பிள்ளை, தன் தாயின் வாகனத்தையே வெறுத்தவனாவான். வெறுப்பும் ஓர் அடங்காத சிங்கமே என்று உணர்த்துதல் ஆசிரியர் கடன்.

5. கற்பிக்கும் முறை

கீழ் வகுப்பினர்க்குப் பஞ்சதந்திரத்துச் சிங்கமும் முயலும் போதும்: கிணற்றிலே தன் நிழலைக் கண்டு பாய்ந்து மாண்ட சிங்கம், அறிவில்லா வலிமையைக் காட்டும். நடு வகுப்பினரை ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, சிங்கம் எங்கே உள்ளது, அதன்மேல் யாது உள்ளது, அது எதிர்க்கின்றதா தாங்குகின்றதா என்னும் மூன்று வினாக்களை வினாவுக. விடையை நாம் சொல்லாது, அவர் கண்டு சொல்லும்படி விடுக. மேல் வகுப்பினர்க்குச் சிங்கமுகன் வரலாற்றைக் கூறி, "நீ அவனிடத்தில் இருந்தால் யாது செய்வாய்?" என்று எழுதச் செய்க.

நன்னூலார் சூத்திரநிலை நான்கினுள் அரிமா நோக்கு என்பதொன்றை வைத்தார். சிங்கம் நடக்குங்கால் முன்னும் பின்னும் நோக்குதல் போலச் சூத்திரமும் முன்னும் பின்னும் நோக்கி நிற்பது அது. ஆசிரியரும் அந்நோக்கு உடையராதல் வேண்டும். முன்னே கற்பித்தது மாணாக்கன் நெஞ்சில் நின்றதா என்று நோக்குக. இனி அவன் எவ்வாறு வாழ்வான் என்பதையும் நோக்குக. வலிமை பெறும் கல்வியோடு, அவ்வலிமை அறத்தின் கீழ் அடங்கும் கல்வியையும் பெற்ற பிள்ளையே நம் சமயத்தைத் தாங்கும் தூணாவான்.

திருச்சிற்றம்பலம்.