உச்சிப்புளிக்குப் போகிற பாப்பாவுக்கு

அரக்கோணம்
சித்திரை மாதம்

அன்புள்ள பாப்பா,

உங்கப்பாவுக்கு உச்சிப்புளிக்கு மாற்றல் வந்துவிட்டதாகவும், குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதால் இந்த முறை எல்லோரும் சேர்ந்தே போகப்போவதாகவும் உங்கம்மா போனில் சொன்னாள். நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயாம். வடக்கனந்தலில் பிறந்து, கல்வராயன் மலையையும் கோமுகி அணையையும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குக் கடற்கரை வேற்றூர்தான். நானும் அதே ஊர்க் கரும்புக்காட்டிலிருந்து கடற்படைக்குப் போனவன். விமானம் பழுது பார்த்தே கோவா, கொச்சி, போர்ட் பிளேர் என்று காலம் போனது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன், கேள்.

நீ போகிற இடத்தின் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கிற கடற்படை விமானத் தளம். 2009 மார்ச்சில் அந்தப் பெயரோடு முறைப்படி தொடங்கினார்கள். 2012-இல் ஆளில்லா விமானப் பிரிவு ஒன்றும் அங்கே வந்தது. 'ஐ.என்.எஸ்.' என்றதும் கப்பல் என்று நினைத்துவிடாதே. கடற்படையில் கரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பார்கள். இதோ, நான் இருக்கிற அரக்கோணத்து ராஜாளியும் அப்படித்தான். இங்கே கடல் எங்கே இருக்கிறது, சொல்.

அந்தப் பக்கத்து நிலம் ஒரு நாக்குப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்காரர்கள் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை அடிக்கிற தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்பக்கம் முரண்டு பிடிக்கும். வாடை வந்துவிட்டால் வடபக்கமும் அமைதியை விட்டுவிடும். அணைத் தண்ணீரில் நீச்சல் பழகிய தைரியத்தில் எந்தக் கடலிலும் இறங்கிவிடாதே. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கரையில் வலை பிரிக்கிற யாரையாவது ஒரு வார்த்தை கேள்.

உப்புக்காற்றைப் பற்றி உங்கம்மாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடல் மேல் பறந்துவிட்டு வந்த விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது எங்கள் வேலையில் பாதி. ஒரு வாரம் சும்மா விட்டால் போதும், அலுமினியத் தகட்டில் ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கோடிக்கணக்கில் விலையுள்ள விமானத்தையே அரிக்கிற காற்று உன் சைக்கிளை விட்டுவைக்குமா? வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போடு. அந்த இரும்பு பீரோ ஊரிலேயே இருக்கட்டும். உங்கப்பாவின் கருப்பு டிரங்குப் பெட்டிகளும் துணிமூட்டையும் போதும். பட்டாளத்துக் குடும்பத்துக்குச் சாமான் குறைவாக இருப்பதே நல்லது. அடுத்த மாற்றல் இரண்டு மூன்று வருஷத்தில் வந்து நிற்கும்.

இப்போது பள்ளிக்கூடம். நீ எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகிறாய். ராமநாதபுரத்தில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. மத்திய அரசில் மாற்றலாகிற வேலையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு முதல் இடம் தருவார்கள். நாளைக்கே உங்கப்பாவை விசாகப்பட்டினத்துக்குத் தூக்கிப் போட்டாலும் அதே பாடத்தை அங்கே தொடரலாம். உங்கப்பா இதைத்தான் சொல்வார், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு, அதில் இந்தியும் ஒரு பகுதி. நீ இந்தி படித்ததில்லை. உச்சிப்புளி வட்டாரத்து அரசுப் பள்ளியிலோ இப்போது உன் கையில் இருக்கிற அதே சமச்சீர்ப் பாடம்தான். என் தீர்ப்பு: பத்தாவதை மாநிலப் பாடத்தில் முடி. பதினொன்றில் மதிப்பெண்ணை வைத்து கே.வி.க்கு மாறலாம், இடம் இருந்தால். உங்கப்பாவிடம் நானே பேசுகிறேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரியது. தளத்துக்குள் எல்லாம் கிடைக்கும். கேன்டீன், ஆஸ்பத்திரி, விளையாட்டுத் திடல், குழாய் ஒழுகினால் வந்து பார்க்க ராணுவப் பொறியியல் பிரிவான எம்.இ.எஸ். ஆள். வேலியைத் தாண்டாமலே மூன்று வருஷம் ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொச்சியில் ஐந்து வருஷம் இருந்தும் ஒரு மலையாளக் கூட்டாளி இல்லாமல் போனவர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் உன் பக்கத்து பெஞ்சில் மீனவர் வீட்டுப் பெண் உட்கார்ந்திருப்பாள். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். இந்தக் கணக்குத்தான் அவள் வீட்டில் எந்த மாதம் காசு புரளும், எந்த மாதம் கடன் வாங்குவார்கள் என்று தீர்மானிக்கிறது. அவள் அப்பாவையோ மாமாவையோ இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். 'உங்கப்பா நேவிதானே, ஏன் தடுக்கவில்லை?' என்று அவள் கேட்டால் வாதம் செய்யாதே. எல்லை தாண்டியதாகச் சொல்லித்தான் பிடிக்கிறார்கள். 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் போட்டுக்கொண்ட கடல் எல்லை அது. கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட அந்தக் கதை பள்ளிக்கூட வராந்தாவில் தீராது. அவள் சொல்வதைக் கேள், அது போதும்.

கேட்கலாம், ஆனால் உங்கப்பா வேலையைப் பற்றி வாய் திறக்காதே. எந்த விமானம் எப்போது கிளம்பியது, அப்பா எந்த ஷிப்ட், இதெல்லாம் வீட்டோடு. போனும் அப்படியே. சமூக வலைத்தளம் வழியாகத் தகவல் கசிந்ததாகக் கடற்படை ஆட்கள் சிலரைக் கைது செய்த பிறகு, 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை போட்டார்கள். உள்ளே ரீல்ஸ் எடுக்கிற ஆசையை ஊரிலேயே விட்டுவிட்டு வா. குப்பையையும் கண்ட இடத்தில் கொட்டாதே. எச்சில் இலைக்கும் மீன் கழிவுக்கும் பருந்தும் காக்கையும் வரும். ஒன்று எஞ்சினுக்குள் போனால் விமானமே போச்சு. விமானத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையும் ஆடுமாடு அறுப்பதையும் 1937-ஆம் வருஷத்து விமான விதிகளே தடுத்திருக்கின்றன.

பயமுறுத்துவதற்கு இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். 2004 டிசம்பர் 26 காலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைச் சுனாமி அடித்தது. கரையை ஒட்டி இருந்த குடியிருப்புகள் போயின. விமானப்படை வீரர்களும் அவர்கள் வீட்டாருமாக நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்த நேரம். ராமநாதபுரக் கரையை அன்றைக்கு இலங்கை மறைத்து நின்று பெருமளவு காப்பாற்றியது. ஆனால் 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியை எதுவும் காப்பாற்றவில்லை. பயணிகளோடு ரயிலே போனது. இப்போது ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, புயலைப் பல நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். இருந்தாலும் நில அதிர்ச்சியை உணர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, யாரும் சொல்லக் காத்திராமல் மேட்டுக்கோ மாடிக்கோ போய்விடு. வேடிக்கை பார்க்கப் போகாதே.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாக டி.வி.யில் கேட்டிருப்பாய். இனி அது உன் வீட்டுச் செய்தி. 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5-இலிருந்து ஆபத்து, 8-இலிருந்து 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மூன்றாம் எண் வந்ததுமே குடத்தில் தண்ணீர் பிடித்து வை, டார்ச்சுக்கு பேட்டரி பார், உங்கம்மாவின் நகையையும் உன் சான்றிதழ்களையும் ஒரே பையில் போட்டுக் கட்டு.

கிளம்பும் முன் ஒரு வேலை. பள்ளியில் டி.சி. கேட்டு இப்போதே எழுதிக் கொடு, மே கடைசி வரை இழுக்காதே. பள்ளியின் எமிஸ் பதிவு, ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் உன் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பார். தப்பு இருந்தால் கள்ளக்குறிச்சியிலேயே திருத்திவிடு, அங்கே போய் அலைய முடியாது. எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்து ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் பெரியப்பா