கவிழ்ந்த கெர்னலும் கைக்கு வராத டம்பும்

சர்வர் விழுந்து, ரீபூட் ஆகி, எல்லாரும் மூச்சு விட்ட பிறகுதான் மேலதிகாரி கேட்பார்: "சரி, ஏன் விழுந்துச்சு?" அதற்கான பதில் பெரும்பாலும் கெர்னல் டம்ப் என்ற ஒரே கோப்பில்தான் இருக்கும். விழுந்த நொடியில் ரேமில் என்ன இருந்ததோ அதன் நகல் அது. அதைப் பற்றி சர்வர் அறைகளில் உலவும் சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம். பேச்சு பெரும்பாலும் லினக்ஸைப் பற்றி. இடையிடையே விண்டோஸும் வரும்.

நம்பிக்கை: கெர்னல் பேனிக் ஆனால் டம்ப் தானாக வந்து சேரும்.

உண்மை: விழுவதற்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தால் வரும். பேனிக் ஆன கெர்னலை நம்பி டிஸ்க்கில் எழுதச் சொல்ல முடியாது. தன் நினைவகத்தில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று அதற்கே தெரியாது. டிஸ்க் டிரைவரே பழுதாகியிருக்கலாம். எழுதப் போய், நன்றாக இருந்த ஃபைல் சிஸ்டத்தையும் நாசமாக்கிவிடலாம்.

அதனால்தான் 2005-இல், 2.6.13 பதிப்பில், லினக்ஸில் கேடம்ப் வந்தது. பூட் ஆகும்போதே ரேமில் ஒரு துண்டை, 256 எம்பி போல, ஒதுக்கி வைக்கிறோம். அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று ஏற்றப்பட்டுச் சும்மா காத்திருக்கும். முதல் கெர்னல் விழுந்ததும் பயாஸ் பக்கமே போகாமல் நேராக இதற்குத் தாவல். பயாஸ் வழியாகப் போனால் பழைய ரேம் அப்படியே மிஞ்சும் என்று நம்ப முடியாது. புதிய கெர்னல் தன் சிறிய துண்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டு, பழைய ரேம் முழுவதையும் ஒரு கோப்பைப் போலத் திறந்து படித்து, டிஸ்க்கிலோ நெட்வொர்க் வழியாக வேறு சர்வரிலோ எழுதிவிட்டு ரீபூட் செய்யும்.

கேடம்ப் சேவை பச்சை விளக்கு காட்டுகிறது என்பதோடு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சொதப்பல்கள் அதற்குப் பிறகுதான். ஒதுக்கிய துண்டு போதாமல் இரண்டாவது கெர்னலே நினைவகம் தீர்ந்து விழும். எழுத வேண்டிய பார்ட்டிஷனில் இடம் இருக்காது. வாட்ச்டாக் கருவி "இந்த மெஷின் பதில் சொல்லவில்லை" என்று பாதி டம்பில் ரீசெட் தட்டிவிடும். கிளஸ்டர் என்றால் இன்னும் மோசம்: துணை நோடு, இவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி, டம்ப் எழுதிக்கொண்டிருப்பவனின் மின்சாரத்தையே துண்டிக்கும். இதற்காகவே ஃபென்ஸ் கேடம்ப் என்று தனிக் கருவி உண்டு. "டம்ப் எடுக்கிறேன், பொறு" என்று துணை நோடுக்குச் செய்தி அனுப்பும். இவையெல்லாம் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதனைக்கு லினக்ஸிலேயே வழி இருக்கிறது: சிஸ்ரிக்யூ வசதிக்கு 'சி' என்ற எழுத்தை அனுப்பினால் கெர்னல் அங்கேயே விழும். சேவைக்கு விடுவதற்கு முன் ஒருமுறையாவது அப்படி வீழ்த்திப் பார்க்காத சர்வரில் கேடம்ப் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

விண்டோஸில் டம்ப் முதலில் பேஜ் ஃபைலில் எழுதப்பட்டு, அடுத்த பூட்டில் தனிக் கோப்பாகிறது. எஸ்எஸ்டி தேயக்கூடாது என்று பேஜ் ஃபைலை நிறுத்தி வைத்து, டம்புக்கென்று தனிக் கோப்பும் ஒதுக்காதவருக்கு நீலத்திரை மட்டும்தான் மிச்சம்.

நம்பிக்கை: 512 ஜிபி ரேம் என்றால் டம்பும் 512 ஜிபி.

உண்மை: மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி தேவையில்லாத பக்கங்களைக் கழித்துவிடும். வெறும் பூஜ்யங்கள், கேஷ், பயன்பாடுகளின் பக்கங்கள், காலியானவை எல்லாவற்றையும் தள்ளும் நிலைக்கு எண் 31. மிஞ்சுவதையும் சுருக்கி எழுதச் சொல்லலாம்.

நம்பிக்கை: உறைந்து நிற்கும் சர்வரில் டம்ப் எடுக்க முடியாது, பவரை அணைப்பதுதான் வழி.

உண்மை: சர்வரின் மேலாண்மைச் சிப் வழியாக என்எம்ஐ என்ற தடுக்கமுடியாத குறுக்கீட்டை அனுப்பலாம். அது வந்தால் பேனிக் ஆகு என்று கெர்னலுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. அவசரத்தில் பவர் பட்டனை அமுக்குபவர் சர்வரைக் காப்பாற்றுகிறார், காரணத்தைத் தொலைக்கிறார்.

நம்பிக்கை: டம்பில் எந்த டிரைவரின் பெயர் வருகிறதோ அதுதான் குற்றவாளி.

உண்மை: ஸ்டாக் காட்டுவது விழுந்த இடத்தை. தள்ளிவிட்டவர் எப்போதோ போயிருக்கலாம். ஒரு டிரைவர் விடுவித்த நினைவகத்தில் அதே டிரைவர் மறந்துபோய் மறுபடி எழுதினால், அந்த இடத்தை நியாயமாக வாங்கிய அப்பாவிதான் விழுவான், பத்து நிமிடம் கழித்து. பெயர் சரியாகவே அமைந்தாலும் வேலை முடிவதில்லை. 2024 ஜூலை 19-இல் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது டம்புகளில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் பெயர் தெளிவாகவே இருந்தது. ஆனால் 20 உள்ளீடுகள் தரப்பட்ட இடத்தில் 21-ஆவதைப் படிக்கப் போனதே காரணம் என்பது, அன்று அனுப்பப்பட்ட உள்ளமைவுக் கோப்பையும் சேர்த்து ஆராய்ந்த பிறகே துலங்கியது. லினக்ஸ் டம்பைப் படிக்க கிராஷ் என்ற கருவி உண்டு. விழுந்த கெர்னலின் அதே பில்டுக்கான டீபக் தகவல் இல்லாவிட்டால் அதுவும் கைவிரித்துவிடும்.

நம்பிக்கை: டம்ப் வெறும் தொழில்நுட்பக் குப்பை, யாருக்கும் அனுப்பலாம்.

உண்மை: ஸ்டார்ம்-0558 என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட சீனக் குழு, 2023-இல் அந்த நிறுவனத்தின் கையொப்பச் சாவி ஒன்றைக் கொண்டு போலி டோக்கன் செய்து, சுமார் 25 அமைப்புகளின் மின்னஞ்சலுக்குள் புகுந்தது. சாவி எப்படிப் போனது? 2021 ஏப்ரலில் கையொப்ப சிஸ்டம் ஒன்று விழுந்தபோது டம்பில் சாவியும் சிக்கி, அந்த டம்ப் பிழைதிருத்தும் இடத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து திருடுபோயிருக்கலாம் என்றது மைக்ரோசாஃப்ட், 2023 செப்டம்பரில். பலர் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். 2024 மார்ச்சில் அதே நிறுவனம், அந்தச் சாவி இருந்த டம்ப் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திருத்தியது. ஆக, திருட்டு இவ்வழியேதான் நடந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. நடக்கக்கூடியதுதான் என்று அவர்களே கருதினார்கள் என்பது மட்டும் உறுதி.

நிலை 31-இல் வடிகட்டினாலும் பயன்பாடுகளின் பக்கங்கள்தான் போகும். டிஸ்க் மறையாக்கச் சாவி, நெட்வொர்க் பஃபரில் நின்ற பொட்டலங்கள் ஆகியவை கெர்னலின் சொந்தப் பக்கங்களில் இருப்பதால் தங்கிவிடும். குறிப்பிட்ட தரவுகளைப் பெயர் சொல்லி அழிக்கவும் மேக்டம்ப்ஃபைலில் வழி உண்டு. வெண்டர் "டம்ப் அனுப்புங்க" என்று கேட்டதும் அப்லோட் செய்கிறவர்கள், அப்படி அழிக்க வேண்டியவற்றின் பட்டியலை யார் எழுதுவது என்று தங்கள் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் கேட்கட்டும்.